பதக்கத்தின் விலையும் குடும்பத்தின் கணக்கும்

வணிக இதழ்களில் பெரிய தொழிலதிபர்களின் வாழ்க்கை வரலாறு அடிக்கடி வருகிறது. கையில் நூறு ரூபாயோடு ஊரைவிட்டுக் கிளம்பி ஆலை கட்டியவர்கள், தள்ளுவண்டியில் ஆரம்பித்து ஏழு கிளை வைத்தவர்கள் என்று படிக்கிறோம். படிக்க வேண்டியதுதான். ஆனால் ஆயுள் முழுவதும் ஏதோ ஒரு கம்பெனியின் சரக்குக்காக ஆர்டர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் கடைக்குச் சரக்கு வந்து சேர்வதே அவர்களால்தான். ஆனாலும் கம்பெனியின் பெயர் நம் பேரேட்டில் ஏறும், அவர்கள் பெயர் ஏறாது.

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத எண்ணுகிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்ல, இங்கிலாந்துக்காரர். பெயர் நார்மன் ஜாக்சன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹெய்க் என்ற விஸ்கி கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேனாக இருந்தவர். போர்க் காலத்தில் விமானப் படையில் இருந்து விக்டோரியா கிராஸ் என்ற பதக்கம் பெற்றவர். பிரிட்டிஷ் படைகளில் வீரத்துக்கு அதைவிடப் பெரிய பதக்கம் கிடையாது. அவரும் மனைவியும் காலமான பிறகு, 2004-ல், அந்தப் பதக்கம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. வீரப் பதக்கத்தை விற்கலாமா, விற்கிற குடும்பம் ஒரு குடும்பமா என்ற பேச்சு இப்படிப்பட்ட ஏலம் நடக்கும்போதெல்லாம் எழுகிறது. வியாபாரி என்ற முறையில் அதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜாக்சன் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி லண்டனை ஒட்டிய ஈலிங் என்ற இடத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே வேறொரு குடும்பத்தார் தத்தெடுத்து வளர்த்தார்கள். வளர்ந்ததும் ஃபிட்டர், டர்னர் வேலை கற்றார். லேத்தில் நிற்கிற தொழில், கையும் கண்ணும்தான் அதற்கு மூலதனம். 1939-ல் போர் மூண்டதும் விமானப் படையில் சேர்ந்தார். முதலில் அவருக்குத் தரையிலேதான் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் என்ற துறைமுகத்தில், கடலில் இறங்கும் சண்டர்லாண்ட் விமானங்களுக்கு இஞ்சின் பழுது பார்த்தார். அந்த வேலையிலேயே அவர் போரைக் கழித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவராகவே மனுப் போட்டு, பறக்கும் இஞ்சினியராகப் பயிற்சி எடுத்து, 1943 ஜூலையில் 106-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். லங்காஸ்டர் என்ற நான்கு இஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் அந்தப் பிரிவில் இருந்தன.

லங்காஸ்டரில் ஏழு பேர் போவார்கள். அதில் இஞ்சினியர் விமானிக்குப் பக்கத்தில் இருப்பார். நான்கு இஞ்சினின் சூடு, எண்ணெய் அழுத்தம், எந்தத் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், திரும்பிப் போக அது போதுமா என்று இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே வரவேண்டும். நம் பாஷையில் சொன்னால் இருப்புக் கணக்கு பார்க்கிறவர். கணக்கு தவறினால் ஏழு பேரும் கடலில்.

முப்பது தடவை எதிரி நாட்டுக்குப் போய்த் திரும்பினால் ஒரு தவணை முடிந்தது என்று ஓய்வு கொடுப்பார்கள். முப்பது என்று சொல்வது சுலபம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் போர்க் காலம் முழுவதும் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் என்று கணக்கு வருகிறது. எந்த வியாபாரத்திலும் இந்த நஷ்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

ஜாக்சன் 1944 ஏப்ரல் 24-ஆம் தேதியோடு தம் முப்பதை முடித்துவிட்டார். ஆனால் அதில் ஒரு தடவை வேறொரு குழுவோடு போயிருந்தார். ஆகவே அவருடைய சொந்தக் குழுவுக்கு இன்னும் பாக்கி இருந்தது. தன் கணக்கு முடிந்தது என்று அவர் இறங்கிக்கொள்ளவில்லை. கூட்டாளிகளோடு இருந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று 31-வது தடவையும் ஏறினார். அது ஏப்ரல் 26-ஆம் தேதி இரவு. போன இடம் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் நகரம், பால் பேரிங் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அவருக்கு முதல் மகன் பிறந்திருக்கிறான் என்ற செய்தி வந்து சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

குண்டுகளைப் போட்டுவிட்டு விமானம் மேலே ஏறும்போது ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று சுட்டது. வலது பக்க இறக்கையில், பெட்ரோல் தொட்டியின் ஓரமாகத் தீப்பிடித்தது. ஜாக்சனுக்கும் காலிலும் தோளிலும் காயம். தீயணைக்கும் குப்பி ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பாராசூட்டைக் கட்டிக்கொண்டு, விமானியின் தலைக்கு மேல் இருந்த திறப்பு வழியாக அவர் வெளியே போனார். உயரம் 20,000 அடி, வேகம் மணிக்கு 200 மைல். வெளியேறும்போதே பாராசூட் விமானத்துக்குள் அவிழ்ந்து கொட்டிவிட்டது. உள்ளே இருந்த மூன்று பேர் அந்தத் துணியை வாரிப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் கயிறு விடுவதுபோல் அதன் கயிறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். அவர் விமானத்தின் முதுகில் ஊர்ந்து போனார். கால் வழுக்கி இறக்கையின்மேல் விழுந்தார். இறக்கையின் முன் விளிம்பில் காற்று போகும் துவாரத்தைப் பிடித்துத் தொங்கினார். குப்பி கையைவிட்டுப் போய்விட்டது. முகமும் கையும் உடுப்பும் வெந்தன. பிடி விட்டுப் போய், தீக்குள்ளாகவே பின்னால் இழுத்துத் தள்ளப்பட்டார். அவரை உள்ளிருந்தவர்கள் கடைசியாகப் பார்த்தபோது பாராசூட் பாதிதான் விரிந்திருந்தது, அதிலும் அங்கங்கே தீ.

அப்படி விழுந்தும் பிழைத்தார். கணுக்கால் முறிந்தது, வலது கண் வீங்கி மூடிக்கொண்டது, இரண்டு கையும் உபயோகமில்லை. விடிந்த பிறகு பக்கத்துக் கிராமத்துக்குத் தவழ்ந்து போய்ச் சரணடைந்தார். பத்து மாதம் ஜெர்மன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு இரண்டு தடவை தப்ப முயன்று, இரண்டாவது தடவை அமெரிக்கப் படையிடம் போய்ச் சேர்ந்தார். விமானத்தில் மீதி இருந்த ஆறு பேரில் நான்கு பேர் குதித்துப் பிழைத்தார்கள். விமானி ஃப்ரெட் மிஃப்லினும் வால்பக்கத் துப்பாக்கிக்காரரும் இறந்துபோனார்கள்.

அந்த இரவு நடந்ததை வெளியே சொன்னவர் ஜாக்சன் அல்ல. போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து திரும்பிய கூட்டாளிகள் சொல்லித்தான் மேலதிகாரிகளுக்கே விஷயம் தெரிந்தது. 1945 அக்டோபர் 26-ஆம் தேதி அரசிதழில் பதக்க அறிவிப்பு வந்தது. பின்னாளில் கேட்டவர்களுக்கும் அவர், இஞ்சினியர் என்ற முறையில் அது தம் வேலை, குழுவிலேயே அனுபவம் கூடியவர் என்பதால் எல்லோரும் தம்மைத்தான் பார்த்தார்கள் என்ற பொருளில்தான் பதில் சொல்லியிருக்கிறார். தொழில்காரன் பேசுகிற பேச்சு இது.

1945 நவம்பரில் அரண்மனையில் மன்னர் கையால் பதக்கம் வாங்கினார். அதே நாளில் அதே பதக்கத்தை வாங்க வந்திருந்தவர் லெனார்ட் செஷயர். நூறு தடவை பறந்தவர், பதவியில் எவ்வளவோ மேலானவர். ஊனமுற்றோருக்கான செஷயர் இல்லங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றனவே, அவற்றை ஆரம்பித்தவர் இவர்தான். முறைப்படி உயர்ந்த பதவியில் இருப்பவர்தான் முதலில் வாங்க வேண்டும். இந்த மனிதர் என்னைவிட அதிகமாக உயிரைப் பணயம் வைத்தவர், இவருக்கு முதலில் கொடுங்கள் என்று செஷயர் மன்னரிடமே கேட்டாராம். முறை முறைதான் என்று ஆகிவிட்டது. ஆனால் கேட்டாரே, அதை ஜாக்சன் கடைசிவரை மறக்கவில்லை.

இனிமேல்தான் நம் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது.

அரண்மனை வாசலை விட்டு வெளியே வந்தால் வீட்டு வாடகையும் பால் காசும் நிற்கிறது. மனைவி, ஒன்றரை வயதுப் பையன். அதற்குப் பின் பிள்ளைகள் இன்னும் பிறந்தார்கள். கற்ற தொழிலோ ஃபிட்டர், டர்னர். மூலதனம் என்று சொன்னேனே, அந்தக் கைகளோ வெந்து குணமானவை. மருத்துவமனையில் பத்து மாதம் கழிந்த பிறகும் முழுதாக வழங்காத கைகள் என்று அரசிதழ் அறிவிப்பிலேயே இருக்கிறது. ஜாக்சன் ஹெய்க் கம்பெனியின் சேல்ஸ்மேன் ஆனார்.

விஸ்கி என்றதும் சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் அதைத் தொட்டதும் இல்லை, விற்றதும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் அது மளிகைக்காரர் அலமாரியில் வைக்கிற பண்டம். உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஜானி வாக்கரே 1820-ல் ஸ்காட்லாந்தில் கில்மார்னாக் என்ற ஊரில் மளிகைக்கடை வைத்தவர்தான். பண்டம் எதுவாக இருந்தாலும் ஊர் ஊராகப் போய் விற்கிறவனின் கால்வலி ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. போருக்குப் பின் பிரிட்டனில் விஸ்கி சுலபமாகக் கிடைத்த பண்டம் அல்ல. போரில் தானியத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு வடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். விஸ்கியோ குறைந்தது மூன்று வருஷம் பீப்பாயில் கிடந்தாக வேண்டும் என்பது சட்டம். இருந்த சரக்கையும் டாலர் வேண்டும் என்று அரசாங்கம் ஏற்றுமதிக்குத் தள்ளியது. உள்நாட்டுக் கடைக்காரருக்கு அளந்து அளந்துதான் வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கம்பெனி ஆள் படுகிற பாடு நம்மில் பழையவர்களுக்குத் தெரியும். ஆர்டர் எடுப்பது பெரிய காரியமில்லை. பத்துப் பெட்டி கேட்கிற கடைக்காரரிடம் இரண்டுதான் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமும் அதே கடையில் ஏறும்படி நடந்துகொள்ள வேண்டும், அதுதான் காரியம். தட்டுப்பாடு தீர்ந்த பிறகு நிலைமை தலைகீழ். கடைக்காரர் ராஜா ஆகிவிடுவார், ரெப் வாசலில் காத்திருக்க வேண்டும்.

எங்கள் மொத்தக் கடைக்கு 1980-களில் ஒரு சோப்பு கம்பெனியிலிருந்து ஒருவர் மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை வருவார். காலைச் சற்று இழுத்து நடப்பார். கடையில் கூட்டமாக இருந்தால் ஓரமாக நின்று, கூட்டம் ஓய்ந்ததும் ஆர்டர் புத்தகத்தைப் பிரிப்பார். ஆறு வருஷம் வந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு வேறொரு கம்பெனி ரெப் பேச்சுவாக்கில், அவர் 1971 போரில் காலில் குண்டு வாங்கியவர் என்று சொன்னார். "சொல்லியிருந்தால் கூட நாலு பெட்டி எடுத்திருப்போமே" என்றார் என் தகப்பனார். "அதனால்தான் அண்ணாச்சி அவர் சொல்லவில்லை" என்றார் வந்தவர். என் தகப்பனாரிடம் அதற்குப் பதில் இல்லை. ஜாக்சனைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

நிற்க. பதக்கத்தின் விலைக்கு வருகிறேன்.

விக்டோரியா கிராஸ் தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. பழைய பீரங்கியின் வெண்கலத்தை உருக்கிச் செய்வது. 1856-ல் அது ஏற்பட்ட நாள் முதல் செய்து கொடுப்பது லண்டனில் ஹான்காக்ஸ் என்ற ஒரு நகைக்கடை. எடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் அதோடு ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. ஜாக்சன் போன்ற, அதிகாரி அல்லாதவர்களுக்கு அது வருஷத்துக்கு 10 பவுண்டு. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. 1856-ல் வகுத்த அந்தத் தொகைதான் 1959 வரை. அந்த வருஷம் 100 பவுண்டு ஆக்கினார்கள். அடுத்தபடியாக 1,300 பவுண்டு ஆக்கியது 1995-ல். ஜாக்சன் காலமானது 1994 மார்ச் 26. ஆகவே அந்த உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. 2015-ல் அது 10,000 பவுண்டு ஆனது. அதைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1944 முதல் 1959 வரை பதினைந்து வருஷம் பத்துப் பத்தாக 150 பவுண்டு. 1959 முதல் 1994 வரை முப்பத்தைந்து வருஷம் நூறு நூறாக 3,500 பவுண்டு. ஆக 3,650 பவுண்டு. ஐம்பது வருஷத்தில் இந்தப் பதக்கத்துக்கென்று அவர் வீட்டுக்குள் வந்த பணம் ஏறத்தாழ இவ்வளவுதான். 2004 ஏப்ரலில் அதே பதக்கம் ஏலத்தில் போன விலை 2,35,250 பவுண்டு. அறுபத்து நான்கு மடங்கு. அந்தக் காலத்துப் பவுண்டும் இந்தக் காலத்துப் பவுண்டும் ஒன்றல்ல என்று சொல்வீர்கள், உண்மைதான். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இந்த ஐந்தொகை எனக்குப் பிடிக்கவில்லை.

இதைவிட மோசமான கணக்கும் இருக்கிறது. ஜான் ஹன்னா என்று ஒரு ஸ்காட்லாந்துப் பையன். படையில் சேருமுன் ஷூ விற்பனையில் இருந்தவன், ஆக நம் வர்க்கம். 1940 செப்டம்பர் 15-ஆம் தேதி இரவு பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தின்மேல் பறந்தபோது விமானத்துக்குள்ளே தீப்பிடித்துத் தோட்டாக்கள் வெடிக்க ஆரம்பித்தன. கூட இருந்த இருவர் குதித்துவிட்டார்கள். இவன் குப்பிகளால் அணைத்தான். குப்பி தீர்ந்ததும் குறிப்புப் புத்தகத்தால் அடித்தான். கடைசியில் கையாலேயே தீயை அடித்து அணைத்தான். விமானி பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தார். ஹன்னாவுக்கு அப்போது வயது 18. அவனுக்கும் இதே பதக்கம்தான். ஆனால் உடம்பு கெட்டுக் காசநோய் பிடித்து, 1942-ல் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அத்தையின் காரை வாங்கி டாக்சி ஓட்டிப் பார்த்தான். அதற்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. மனைவியும் மூன்று சின்னப் பெண் குழந்தைகளும் கஷ்டப்பட, 1947 ஜூன் மாதம் லெஸ்டர் பக்கத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இறந்துபோனான். வயது 25.

அந்த அம்மாள் பதக்கத்தை விற்கவில்லை. இருபது வருஷம் வைத்திருந்து, 1967-ல் கணவரின் ஸ்குவாட்ரனுக்கே கொடுத்துவிட்டார். அதைச் சொல்லித்தான், பார், ஏழைப்பட்ட அந்த அம்மாள் விற்றாளா என்று மற்றக் குடும்பங்களைக் குத்துவது உண்டு. எனக்கு இந்தப் பேச்சில் சம்மதமில்லை. ஹன்னாவின் மனைவி செய்தது பெரிய காரியம். ஆனால் ஒருவர் தானம் கொடுத்தார் என்பதற்காக இன்னொருவரிடம் தானம் கேட்கிற உரிமை யாருக்கும் வந்துவிடாது. நம் கடைத்தெருவில் அன்னதான நோட்டீஸ் கொண்டு வருகிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்று காட்டுவார்கள். அது மாதிரிதான் இதுவும்.

ஜாக்சன் வீட்டில் நடந்தது இன்னும் சிக்கல். பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் பதக்கத்தை விமானப் படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் விருப்பம். ஆனால் தாயார் காலமான பிறகு அவர் உயிலைப் பார்த்தால், அதை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. உயிலை மீற முடியாது. ஏலத்துக்குப் போயிற்று. அருங்காட்சியகத்தால் அவ்வளவு விலைக்குப் போக முடியவில்லை.

இதில் தாயாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதக்கத்தின் பளபளப்பைப் பார்த்தவர்கள் ஊரார். வெந்த கைகளோடு வந்த மனிதரோடு ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்த அம்மாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கணவர் இருக்கிறாரா இல்லையா என்று காத்திருந்தவரும் அவர்தான். பிறகு சேல்ஸ்மேன் சம்பளத்தில் அத்தனை பிள்ளைகளை வளர்த்தார். வருஷம் 10 பவுண்டில் அரசாங்கம் முடித்துக்கொண்ட கணக்கை அவர் வீட்டுச் செலவில்தான் சரிக்கட்டியிருக்கிறார். கடைசியில் கையில் இருந்தது பங்கு போட முடியாத ஒரு பொருள். வெட்டிப் பிரிக்கவும் முடியாது, ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மற்றவர்கள் வருந்துவார்கள். விற்றுச் சமமாகப் பிரியுங்கள் என்று ஒரு தாய் எழுதுவதில் என்ன தப்பு? நம் குடும்பங்களில் பூர்வீகக் கடை ஒன்றே ஒன்று இருந்து, பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் என்ன செய்கிறோம்? ஒருவன் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கிறான். எடுத்துக்கொள்ள ஒருவனுக்கும் சக்தி இல்லையென்றால் விற்றுத்தான் பிரிக்கிறோம். தகப்பனார் உட்கார்ந்த கல்லா என்று கண்ணீர் வரத்தான் செய்யும். கண்ணீரைப் பிரிக்க முடியாது, பணத்தைப் பிரிக்கலாம்.

பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன். தங்களுக்கு வரவேண்டிய பணத்தை வேண்டாம், பதக்கம் பொது இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்த பிள்ளைகள் அவர்கள். இந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இப்படி நடக்கும்? ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. நம்மில் எத்தனையோ பேர் உயிலை எழுதிப் பதிவும் செய்து, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பிள்ளைகளிடம் மூச்சுக் காட்டுவதில்லை. சொத்து விஷயத்தில் அது சாமர்த்தியமாக இருக்கலாம். ஆனால் தாத்தாவின் படம், முதல் பேரேடு, கடையை ஆரம்பித்தபோது வாங்கிய தராசு போன்ற சாமான்களில் யாருக்கு எதன்மேல் மனசு என்பதை உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும். இதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுக் குடும்பத்தைக் கேட்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஒரு மனிதன் செய்த காரியம் நாட்டின் சொத்து, அதை விற்கக்கூடாது என்றால், நாடு அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது அவன் உயிரோடு இருக்கும்போது அவன் வீட்டு அடுப்பை ஒழுங்காக எரிய விட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், கடையில் பாக்கி வைத்துவிட்டுச் சரக்கும் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளரைப்போல் நடந்துகொள்வது நியாயமில்லை.

ஆனால் என் கட்சிக்கு எதிரான ஒரு விஷயமும் இருக்கிறது. அதை மறைப்பது வியாபார நாணயம் ஆகாது. பதக்கத்தை ஏலத்தில் எடுத்தவர் மைக்கேல் ஆஷ்கிராஃப்ட் என்ற செல்வந்தர், அவரும் வணிகர்தான். இந்தப் பதக்கங்களை உலகிலேயே அதிகமாகச் சேர்த்து வைத்திருப்பவர். அவர் தம் சேகரிப்பைப் பூட்டி வைக்கவில்லை. லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் சொந்தச் செலவில் ஒரு கூடமே ஏற்படுத்தி, 2010 நவம்பர் முதல் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தார். கட்டணம் கிடையாது. பிள்ளைகள் ஆசைப்பட்டது சந்தை வழியாகவே நிறைவேறிவிட்டது, பார்த்தீர்களா என்று இதையே என் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2025-ல் அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வேறு காட்சிக்கு இடம் வேண்டியிருந்தது, பதக்கங்கள் சொந்தக்காரரிடமே திரும்பின. ஹன்னாவின் மனைவி கொடுத்தது போலக் கொடுத்திருந்தால் இப்படித் திரும்பிப் போகிற பேச்சே இருந்திருக்காது. அந்த மட்டில் ஜாக்சனின் பிள்ளைகள் நினைத்ததுதான் தூரத்துக் கணக்கு. தாயார் போட்டது வீட்டுக் கணக்கு. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், நான் இன்னமும் தாயார் பக்கம்தான். மாறுபட்ட கருத்துள்ள அன்பர்கள் இதழுக்கு எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.